ஆட்சியர் கதை சொல்ல வேண்டுமா, கதை கேட்க வேண்டுமா?

காவிரிக்கரை:

வருவாய்த் துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு கருத்தை விவாதத்துக்கு வைக்கிறேன். அரசு அலுவலர்களுக்கு நாம் சட்டமும் கணக்கும் கற்றுத்தருகிறோம். ஆனால் ஒரு திட்டத்தை ஊராருக்கு எடுத்துச்சொல்லவும், ஒரு மனுவை ஏன் ஏற்க இயலவில்லை என்பதை மனம் நோகாமல் விளக்கவும் தேவையான கதை சொல்லும் திறனைக் கற்றுத்தருவதில்லை. மக்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே மரியாதையும் நம்பிக்கையும் தேய்ந்துவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் நிர்வாகத்துக்கு இது புதிதும் அன்று. கன்றை இழந்த பசு அடித்த மணியோசைக்கு இறங்கிவந்து, தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் பெயரால்தான் நம் கிராமங்களில் மனுநீதி நாள் முகாம்கள் நடக்கின்றன. அண்மைக் காலச் சான்று வேண்டுமென்றால் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அங்கே தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சுற்றறிக்கைகளால் வளரவில்லை. பாட்டாலும் வீதி நாடகத்தாலுமே ஊருக்குள் நுழைந்தது. படிக்கத் தெரியாததால் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவரின் கதையை ஊர்ப் பொதுவிடத்தில் நடித்துக் காட்டும்போது, 'இது நமக்கு நடந்ததுதானே' என்று உணரும் மக்கள் அடுத்த நாள் சிலேட்டை எடுக்கிறார்கள். எந்த அரசாணையாலும் அந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியாது.

மனுதாரர்:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதித்தே மறுக்கிறேன். என் தந்தை இறந்த பிறகு, பட்டா மாறுதலுக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நடந்தேன். எழுபது வயதைக் கடந்த அம்மாவைப் பார்த்து, பேரன் வயதுள்ள ஓர் ஊழியர், "நீ அடுத்த வாரம் வா" என்று ஒருமையில் சொன்னார். அன்று எங்களுக்கு யாரும் கதை சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. உட்கார ஒரு நாற்காலியும், 'வாங்கம்மா' என்ற ஒரு சொல்லும், எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்ற பதிலும் கிடைத்திருந்தால் போதும். நீங்கள் தேடுகிற நாகரிகம் அவ்வளவுதான், அதற்கு நாடகப் பயிற்சி வேண்டாம்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்தோம். உரிய அலுவலருக்கு அனுப்பிவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. அத்துடன் அந்த மனு முடித்துவைக்கப்பட்ட கணக்கில் சேர்ந்துவிட்டது. யாரிடம் அனுப்பினார்களோ, அவரைப் பற்றித்தான் நாங்கள் முறையிட்டிருந்தோம்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு தம்பதி இரண்டு சிறு பெண்குழந்தைகளுடன் தீயில் கருகியதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்தக் குடும்பம் தன் கதையைப் பலமுறை மனுவாக எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மனுதாரர்களின் பைகளைச் சோதிக்கக் காவலர்கள் நிற்கிறார்கள். மணி கட்டிய சோழனின் பெயரை வைத்துக்கொண்டு பையைச் சோதிக்கும் இடத்தில், இன்னும் நல்ல கதையைச் சொல்லுங்கள் என்று அலுவலருக்கு எப்படி அறிவுரை கூற முடியும்?

அறிவொளித் தொண்டர்:

நான் கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பெண். அறிவொளியில் மாலை வகுப்பு எடுத்த தொண்டர்களில் ஒருத்தி. அந்த இயக்கத்தின் பெயர் இங்கே வந்துவிட்டதால், இருவருக்கும் பதில் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

காவிரிக்கரை ஐயா சொல்வதில் பாதி உண்மை. பாட்டு இல்லாமல் எங்களால் எந்தத் தெருவுக்குள்ளும் நுழைந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டும் நாடகமும் அலுவலகத்தில் பிறந்தவை அல்ல. தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்களும் பள்ளி ஆசிரியர்களும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து கட்டியவை. ஆட்சியர் செய்த பெரிய காரியம், கதை சொல்லும் இடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, கதைக்குப் பின்னால் அரசின் வலுவை நிறுத்தியது.

சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் தொண்டர்கள் உள்கிராமங்களுக்குத் தனியே போய்வர வேண்டும் என்பதற்காகச் சைக்கிள் பயிற்சி இயக்கத்தின் ஒரு பகுதியானது. பெண் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி ஊரில் என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சாகப் பாட்டு வந்தது. ஆனால் பாட்டோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் தரவேண்டும் என்று ஆட்சியரே வற்புறுத்தினார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கினோம்; பலர் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிப் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தபோது, அதற்கு மேல் ஒரு கதையை யாரும் எங்களுக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. கல் குவாரிகளில் கூலிக்கு உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

மனுதாரரே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடநூலின் தொடக்கச் சொற்களில் ஒன்று 'பட்டா'. அ, ஆ என்று தொடங்காமல், உழைப்பவரின் வாழ்க்கையை உலுக்கும் சொல்லிலிருந்து தொடங்கினோம். எழுதப் படித்த பெண்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனபோது, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். என்னோடு வந்த ஓர் அக்கா தம் பெயரின் கடைசி எழுத்தை முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பேசாமல் காத்திருந்தார். அவர் காட்டிய அந்தப் பொறுமையைத்தான் நான் மரியாதை என்று இன்றுவரை நினைக்கிறேன். கதையை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் அம்மாவின் கதையை நீங்கள் எழுதியதால்தான் நாங்கள் உங்கள் பக்கம் நிற்கிறோம்.

மனுதாரர்:

அக்கா, நீங்கள் சொன்னது என்னைத் தொட்டது. ஆனாலும் நீங்கள் சொன்னதிலிருந்தே கேட்கிறேன்: கடனும் குத்தகையும் வராமல் பாட்டு மட்டும் வந்திருந்தால் நீங்கள் இன்று அதைப் பெருமையாக நினைவுகூர்வீர்களா? இன்று பல இடங்களில் பாட்டு மட்டும்தான் வருகிறது. ஒரு பயனாளியைத் தேர்ந்தெடுத்து, கண்ணீரோடு நன்றி சொல்ல வைத்து, ஒரு நிமிடக் காணொளியாக வெளியிடுகிறார்கள். அதே திட்டத்தில் விண்ணப்பித்துக் கிடைக்காதவரின் காணொளி ஒருபோதும் வெளிவருவதில்லை.

காவிரிக்கரை:

அந்தக் காணொளிகளை நானும் ஆதரிக்கவில்லை. அவற்றைக் கதை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தாயாரிடம் ஒருமையில் பேசியது பிழை. அந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அது வலிக்கிறது.

ஆனால் மேசையின் மறுபக்கத்துக்கும் ஒரு கதை உண்டு, அதை நாங்கள் சொல்லத் தவறிவிட்டோம். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் குறித்துப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். விஏஓ என்றாலே கையூட்டு என்று பேசிப் பழகிய ஊர்களுக்கு, இப்படிப்பட்டவர்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யார் சொல்வது? உட்பிரிவுப் பட்டாவுக்கு சர்வேயர் அளக்க வேண்டும், சர்வேயருக்கோ பல கிராமங்கள் இருக்கும், பத்திரத்தில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் பொருந்தாமல் இருக்கும். இந்தத் தாமதத்தின் கதையை உங்களுக்கு முதல் நாளே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், இரண்டு ஆண்டும் அவமதிப்பாகத் தோன்றியிருக்காது என்றே இன்னமும் நம்புகிறேன்.

ஊர்க்கணக்கு:

நான் நூறு நாள் வேலைத் திட்டத்தில், ஊராரே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையில் பங்கேற்றவன். யார் கதை சொல்வது என்பதோடு, அந்தக் கதையை எந்தக் காகிதத்தோடு ஒப்பிடுவது என்றும் கேட்க வேண்டும்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அங்கே நடந்தது மிக எளியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேட்டை ஊர்நடுவே உரக்க வாசித்தார்கள். இவ்வளவு நாள் வேலை செய்ததாக ஒரு பெயரை வாசித்தால், அந்தப் பெயருக்குரியவர் எழுந்து, தாம் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று சாட்சி சொல்வார். இறந்துபோனவர்களின் பெயர்களும் பட்டியல்களில் இருந்தன. காகிதம் ஒரு கதை சொன்னது, ஊர் வேறு கதை சொன்னது; இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 1996இல் அதே மாநிலத்தின் பியாவரில் தகவல் உரிமை கேட்டு நடந்த 40 நாள் தர்ணாவும், 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபைக்குக் கிடைத்த தணிக்கை உரிமையும் அந்த வழியில் வந்தவையே. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் பதிவேட்டை ஊர் நடுவே வாசிக்கும் பழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை.

மனுதாரர்:

நான் சொல்லத் தவித்ததை ஊர்க்கணக்கு சொல்லிவிட்டார். காவிரிக்கரை ஐயா முதலில் கொண்டுவந்த கன்றின் கதையை, பாண்டியன் அவையில் நின்று சொன்னவள் கண்ணகி. தன் ஊர் எது என்று சொல்லும்போது அந்தச் சோழனையும் நினைவூட்டினாள். ஆனால் அரசன் அந்தக் கதைக்காகத் தன் தீர்ப்பை மாற்றவில்லை. தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் கூற, அரசியின் சிலம்பில் முத்து என்று அவனே சொன்ன பிறகு, அவள் தன் சிலம்பை உடைத்தாள். அந்தக் கல்லைக் கண்ட பிறகே அவன் வீழ்ந்தான். அந்தச் சிலம்பு கைப்பற்றப்பட்டு அரசனிடம்தான் இருந்தது. அவனே அதைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைத்தான். என் அம்மாவின் சிலம்பு இன்னும் அந்த அலுவலகத்தின் அலமாரியில் இருக்கிறது.

காவிரிக்கரை:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் அறிந்த ஒரு வழியை மட்டும் சொல்கிறேன். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கிறது, கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வருகின்றன. அந்தக் கணக்குகளை அந்தந்த ஊரின் கிராம சபையில், நிலுவையில் உள்ள பட்டா மனுக்களையும் தாமதத்தின் காரணத்தையும் சேர்த்து, விஏஓ வாசிக்கலாம். இதை நான் பணியில் இருந்தபோது செய்திருக்கலாம். செய்யவில்லை.

அறிவொளித் தொண்டர்:

அப்படி நடந்தால், வாசிப்பவர் விஏஓவாக இருக்க வேண்டாம், ஐயா. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வாசிக்கட்டும். விஏஓ பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.