புதுப்பிப்பு: பாம்பனில் 40,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "கார்டை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி, இப்போதைக்கு ரைசன் 5 5600ஜி பிராசஸர் போதும்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. ஆனால் அது ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடினால் ரேம் வேகம் கூடும். அதனால் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போட்டேன். வேலரண்ட் கேம் 1080பியில் தடங்கலே இல்லை. மிச்சப் பணத்தில் நல்ல 550 வாட்ஸ் பவர் சப்ளை, பிற்பாடு கார்டு போட வசதியாக.

எதிர்பாராதது: 3200 வேக ரேம் 2400 வேகத்தில்தான் ஓடியது. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, ஆன் செய்ததும் சரியாகிவிட்டது.

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூக்களில் துருப்புள்ளி விழுந்தது. ஜன்னலை விட்டு உள்சுவர் பக்கம் மாற்றிவிட்டேன். உள்ளே மதர்போர்டில் இதுவரை ஒன்றுமில்லை.