கொழும்பு வாடகை வீட்டில் ஜப்பானிய சாஸ் பூசிய சால்மன்: புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொழும்பு வந்து இறங்கும் நம்மூர்க்காரர்கள் முதல் மாதம் வீடு, சிம் கார்டு, பள்ளிக்கூடம் என்று விசாரிப்பார்கள். அடுத்த மாதம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். இட்லி அரிசி எங்கே, பெருங்காயம் எங்கே, நல்லெண்ணெய் எங்கே என்பதற்கெல்லாம் ஒரே பதில்தான்: வெள்ளவத்தை, காலி வீதி. பெட்டியில் அடைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

இந்த முறை வந்த கேள்வி வேறு மாதிரி. “ஹோட்டலில் சாப்பிட்ட அந்தப் பளபளப்பான ஜப்பானிய சால்மனை வீட்டில் செய்ய முடியுமா? எங்கள் வாடகை வீட்டில் ஓவன் கிடையாது.” செய்யலாம், ஓவன் தேவையே இல்லை. ஒரு கேஸ் அடுப்பும் ஒட்டாத தவாவும் போதும். ஒன்று மட்டும் சொல்வேன். சால்மனுக்குக் காசு போடுவதற்கு முன்னால் சாஸைப் பழகிக்கொள்ளுங்கள். இந்தச் சமையலில் பெரும்பாலும் சொதப்புவது சாஸ்தான்.

முதலில் மீன். சால்மன் இந்தப் பக்கத்துக் கடலில் கிடைக்காது. கொழும்பில் விற்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளின் ஃப்ரீசரில் காற்றுப் புகாத பாக்கெட்டில் இருக்கும். தெருமுனைக் கடையில் போய் சால்மன் கேட்டால் டின்னில் அடைத்த மீனைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே எல்லா டின் மீனுக்கும் அந்தப் பெயரே வழக்கம், உள்ளே இருப்பது அநேகமாகக் கானாங்கெளுத்தி வகை. அது குழம்புக்கு நல்லது, இதற்கு ஆகாது. நம்மூரில் இந்தியன் சால்மன் என்று விற்கும் காலா மீனும் வேறு இனம்தான்.

விலையைப் பார்த்ததும் பதற வேண்டாம், அது இலங்கை ரூபாய், சுமாராக மூன்றரையால் வகுத்தால் நம்மூர் ரூபாய் வரும். வகுத்த பிறகும் சால்மன் விலை கொஞ்சம் பதற வைக்கும்தான். அதனால்தான் பழகுவதற்கு உள்ளூர் மீன் என்கிறேன்.

பழக எனக்குப் பிடித்தது பாரை. ஜப்பானில் இதே சாஸை புரி என்ற மீனுக்குப் பூசிச் செய்வது பழைய வீட்டுச் சமையல். அந்த புரியும் நம் பாரையும் ஒரே குடும்பத்து மீன்கள். அதனால் பாரையில் செய்வதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைக்க வேண்டாம். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரிடம், “அண்ணா, பாரை அரைக் கிலோ, நடுமுள்ளை எடுத்துட்டு தோலோட தடியா துண்டு போட்டுத் தாங்க” என்று தமிழிலேயே கேட்கலாம். ‘தடியா’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குழம்புக்கு வெட்டுகிற மாதிரி வளையம் வளையமாக வெட்டிவிடுவார். வஞ்சிரம் வேண்டும் என்றால் அறக்குளா என்று கேளுங்கள், சிங்களத்தில் தோரா. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அப்போது மீன் விலையும் ஏறும்.

பாரையில் கொழுப்பு குறைவு, ஒரு நிமிடம் கூடிப்போனாலும் சக்கையாகிவிடும். சால்மன் கொழுப்புள்ள மீன், கொஞ்சம் கைதவறினாலும் மன்னித்துவிடும். பாரையில் கை பழகியவருக்கு சால்மன் சுலபம்.

சரி, சாஸ். டெரியாக்கி என்று ஹோட்டல் மெனுவில் போடுவது இதைத்தான். ஜப்பானிய வீடுகளில் அதற்கு நாலே சாமான்: சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சாக்கே என்ற அரிசி மது, சர்க்கரை. முதல் மூன்றும் சம அளவு, சர்க்கரை அதில் பாதி. சோள மாவு, பூண்டுப் பொடி, தேன் எல்லாம் வெளிநாடுகளில் சேர்ந்துகொண்டவை. மாவு போட்டுக் கெட்டியாக்கினால் சைனீஸ் மஞ்சூரியன் சாஸ் மாதிரி கொழகொழவென்று இருக்கும். வற்ற வைத்துக் கெட்டியாக்கினால்தான் அந்தப் பளபளப்பு வரும்.

மிரினும் சாக்கேயும் கொழும்பில் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைத்தாலும் விலை அதிகம். ஒரு விஷயம், இங்கே பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, அன்று மது விற்க மாட்டார்கள். நீங்கள் திட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமை போயாவாக இருந்தால் அவ்வளவுதான்.

என் சமையலறையில் மிரினுக்குப் பதில் கித்துள் பாணி. கித்துள் என்பது நம்மூர்க் கூந்தல் பனை. அதன் பாளையிலிருந்து இறக்கும் பதநீரை விறகடுப்பில் காய்ச்சி எடுப்பது இந்தப் பாணி. இங்கே எருமைத் தயிரில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதிலிருக்கும் லேசான புகை வாசம் சோயாவோடு சேரும்போது, கரி அடுப்பில் சுட்ட மீனின் மணம் கிட்டத்தட்ட வந்துவிடும். மிரின் கொடுக்காத ஒன்றை இது கொடுக்கிறது என்பது என் கட்சி, ஜப்பானியர் ஒத்துக்கொள்வாரா தெரியாது. சீனி கலந்த பாணியும் கடைகளில் உண்டு. தயிருக்கு என்றால் நல்லதாகத் தேடி வாங்குங்கள், சாஸுக்கு நடுத்தரமே போதும்.

இரண்டு பேருக்கு நான் போடும் அளவு: சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 3, கித்துள் பாணி ஒன்றரை, இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி. இறக்கும்போது தேசிக்காய்ச் சாறு நாலு சொட்டு. தேசிக்காய் என்றால் நம் எலுமிச்சைதான், கடையில் அந்தப் பெயரில் கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். மிரினும் சாக்கேயும் கையில் இருந்தால் அவை தலா 2 மேசைக்கரண்டி, சோயாவும் 2, சர்க்கரை ஒன்று. தண்ணீர் வேண்டாம்.

சோயா சாஸில் கவனம் தேவை. ஃப்ரைட் ரைஸுக்கு வாங்கி வைத்திருக்கும் கறுப்பு சோயா சாஸில் கேரமல் நிறம் சேர்த்திருப்பார்கள். அதை வற்ற வைத்தால் தார் மாதிரி கறுத்துக் கசக்கும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று சுருக்கமாக இருந்தால் அதுதான் வேண்டியது. ஜப்பானிய பிராண்டான கிக்கோமன் பெரிய கடைகளில் பார்க்கலாம்.

இப்போது செய்முறை. உறைந்த சால்மனை முந்தின இரவே பாக்கெட்டைப் பிரித்து, ஒரு தட்டில் வைத்து மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பாக்கெட்டோடு உருகவிடக் கூடாது, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி ஒன்று உண்டு. கிச்சன் மேடையில் வைத்து உருக்குவதும் வேண்டாம், கொழும்பு வெக்கை 30 டிகிரியைச் சுற்றியே இருக்கும்.

மீனைக் கண்டதும் மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசும் பழக்கம் நமக்கு. இதற்கு அது ஆகாது, மீன் ஊறிப்போய் தவாவில் வறுபடாமல் வேகத்தான் செய்யும். விரலால் தடவிப் பார்த்து முள் தட்டினால் பிடுங்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் உப்பு தூவி 15 நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அதை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். வாடையும் அதோடு போகும். வேகும்போது மேலே வெள்ளையாகக் கசியும் புரதமும் குறையும். அது கெட்டதல்ல, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

தவாவில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். நடுத்தரத் தீயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, முதல் அரை நிமிடம் கரண்டியால் லேசாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் தோல் சுருங்கித் துண்டு வளையும். அப்புறம் தொடாதீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஆரஞ்சு நிறம் கீழிருந்து மெல்ல வெளிர்ந்துகொண்டே மேலே ஏறும். முக்கால் உயரம் ஏறியதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். ஒரு அங்குலத் துண்டுக்கு மொத்தம் ஆறு நிமிடம் போல ஆகும்.

தவாவில் இப்போது நிறையக் கொழுப்பு நிற்கும். அதை வீணாக்க மனசு வராது. ஆனால் வழித்து எடுத்தே ஆக வேண்டும், எண்ணெய் மேல் சாஸ் ஒட்டாது. துடைத்த தவாவில் சாஸை ஊற்றி நடுத்தரத் தீ. முதலில் சின்னச் சின்னக் குமிழி, தண்ணீர் கொதிக்கிற மாதிரி படபடவென்று வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து உடையும். சத்தமும் மாறும். கரண்டியால் கோடு கிழித்தால் தவாவின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும். அதுதான் பதம். பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இது சொல்லவே வேண்டாம், கம்பிப் பதத்துக்கு முன்னால் பிசுபிசுவென்று வருமே, அதே இடம். தீயைக் குறைத்து மீனைத் திரும்ப வைத்து, சாஸை அள்ளி அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே ஒரு நிமிடம். இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று தோன்றும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள், ஆறும்போது தானே இறுகும். தாண்டிவிட்டால் கருகல் கசப்பு வரும், அதற்கு மருந்து கிடையாது. கொஞ்சம் முன்னால் கவனித்துவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் காப்பாற்றும்.

மேலே வறுத்த வெள்ளை எள், நறுக்கிய வெங்காயத்தாள். சோற்றுக்குக் கீரிச் சம்பா சரியாக வரும். ஜப்பானிய அரிசி அளவுக்கு ஒட்டாது, ஆனால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, வடிக்காமல் வைத்தால் முள்கரண்டியில் நிற்கும். பக்கத்தில் கங்குன் கீரை. சந்தையில் கட்டுக்கட்டாக இருக்கும், நம்மூரில் வள்ளைக்கீரை என்பார்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுப் பிழிந்து, இடித்த எள், சோயா, சிட்டிகை சர்க்கரையில் புரட்டினால் போதும்.

இனி, கருத்துப் பகுதியில் கேள்வி கேட்டவர்களுக்கு.

மிரின் ஹலாலா என்று கேட்ட தங்கைக்கு: மிரினில் மது இருக்கிறது, கொதிக்க வைத்தால் முழுக்கப் போய்விடும் என்பது சரியல்ல, கொஞ்சம் தங்கும். கித்துள் பாணி முறையே உங்களுக்கு நல்லது. புளிக்கவைத்துச் செய்யும் சோயா சாஸிலும் சிறிதளவு மது தானாகவே உண்டாகும், ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

தோசைக்கல்லில் செய்யலாமா என்ற அண்ணனுக்கு: வேண்டவே வேண்டாம். சாஸ் கல்லின் பழக்கத்தைக் கெடுத்துவிடும், அப்புறம் ஒரு வாரத்துக்குத் தோசையில் மீன் மணக்கும். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

நல்லெண்ணெய் ஊற்றலாமா: ஜப்பானியர் பயன்படுத்தும் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, நம்முடையது பச்சை எள்ளில் ஆட்டுவது. வாசம் வேறு. மீனை வறுக்க நல்லெண்ணெய் தாராளமாக ஆகும், கடைசியில் மணத்துக்கு ஊற்ற ஆகாது.

மீதியை சாஷிமி மாதிரி பச்சையாகச் சாப்பிடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டு ஃப்ரீசரையும் கடை பாக்கெட்டையும் நம்பி அந்த வேலை வேண்டாம் தம்பி. ஜப்பானிலேயே ஒட்டுண்ணிப் புழுவுக்குப் பயந்து சால்மனை உப்பிட்டுச் சுட்டுத்தான் சாப்பிட்டார்கள். 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை விற்க அங்கே போன பிறகுதான் பச்சை சால்மன் சுஷி பரவியது. ஆசையாக இருந்தால் நல்ல ஜப்பானிய உணவகத்துக்குப் போங்கள். கொழும்பில் 1995 முதலே நிஹொன்பாஷி இருக்கிறது.

ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா: மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட்தான், வேலை செய்யும். ஆனால் பல வீடுகளில் சதுர முள் சாக்கெட், நம் வட்ட முள் பிளக் நுழையாது. அடாப்டரை நம்பி ஓட்டாமல் எலெக்ட்ரீஷியனிடம் பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

மறுநாள் டிபன் பாக்ஸுக்கு எடுத்துப் போகலாமா: ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் போகலாம், ஆபீஸிலும் ஃப்ரிட்ஜில் வைத்து மதியம் அப்படியே சில்லென்று சாப்பிடுங்கள், நன்றாகவே இருக்கும். ஆபீஸ் மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பக்கத்து சீட்டுக்காரர்களின் சாபம் எதற்கு?