ஷிப்ட் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன்: கிரிக்கெட் கேப்டன்களிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

கோத்தகிரி_பசுந்தேயிலை:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். போன மாதம் இரவு ஷிப்டுக்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். சாயங்காலம் லாரியில் வரும் இலையை வாட்டி, விடிவதற்குள் சி.டி.சி. மெஷினுக்கு (இலையை நறுக்கிக் கிழித்துச் சுருட்டும் மெஷின்) ஏற்ற வேண்டும். ஷிப்டில் பாதிப் பேர் என் அப்பா வயது. மழை நாளில் இலை ஈரமாக வரும், இன்னும் கொஞ்சம் வாடட்டும் என்பேன். "நாங்க பார்க்காத இலையா பாப்பா" என்று மெஷினை ஓட்டிவிடுகிறார்கள்.

நிர்வாகம் ஒரு தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியது. முழுக்க டோனி வீடியோதான். பதற்றப்படாமல் இருங்கள் என்றார்கள். எனக்குக் கிரிக்கெட் உயிர். ஆனால் அதை வைத்து ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

குன்னூர்_பி_டி_மாஸ்டர்:
வாழ்த்துகள் மா. பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பதற்றப்படாத முகத்தை யாரும் பயிற்சியில் கொடுக்க முடியாது. டோனியிடம் பார்க்க வேண்டியது வேறு. 2007 டி20 உலகக் கோப்பைக்கு சச்சின், டிராவிட், கங்குலி மூவரும் போகவில்லை. கேப்டனாக டோனி பெயரைச் சொன்னவர்களில் சச்சினும் ஒருவர். காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார்: ஸ்லிப்பில் நிற்கும்போது பக்கத்தில் கீப்பராக நின்ற டோனியிடம் பேசிக்கொண்டே இருப்பாராம். ஃபீல்டிங்கை எங்கே மாற்றலாம் என்று கேட்டால் டோனி சொன்ன பதில்கள் அவருக்குப் பிடித்திருந்தன. பதவிக்கு முன்னாலேயே ஆட்டத்தை முழுசாகப் பார்க்கிற பழக்கம் அவரிடம் இருந்தது. தரம் பார்த்த உங்களுக்கும் அது இருக்கும்.

இன்னொன்று, மெல்போர்ன், 2020 டிசம்பர். அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி அது. கோலி ஊருக்குத் திரும்பிவிட்டார், ரஹானே கேப்டன். 112 ரன்னில் நிற்கிறார். ஜடேஜா 49-ல் இருந்து ஐம்பதுக்காக ஒரு ரன்னுக்கு ஓட, ரஹானே ரன் அவுட். அந்த இடத்தில் யாருக்கும் முகம் சுருங்கும். ரஹானே ஜடேஜாவிடம் போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். அந்த டெஸ்டை 8 விக்கெட்டில் ஜெயித்தார்கள். அடுத்தவர் தவறு செய்த அந்த அரை நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கூடலூர்_ஃபார்வர்டு:
மாஸ்டர் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே ஆள் சரியில்லை என்றால் அடுத்த மேட்சில் உட்கார வைக்கலாம். இங்கே இருக்கிற ஆளை வைத்துத்தான் ஷிப்ட் ஓட வேண்டும். கோடிக்கு ஏலம் போகிறவரையும் கூலிக்கு ராத்திரி கண் விழிக்கிறவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

குன்னூர்_பி_டி_மாஸ்டர்:
தம்பி சொல்வது நியாயம். பணத்தில் ஒப்பீடே கிடையாது. ஆனால் பெரிய ஆட்டக்காரர் என்பதால் மட்டும் தலைமை வந்துவிடாது என்பதும் அங்கேதான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. 2022-ல் சி.எஸ்.கே. ஜடேஜாவைக் கேப்டன் ஆக்கியது. 8 ஆட்டத்தில் 2 வெற்றி. சீசன் நடுவிலேயே பொறுப்பை டோனியிடம் திருப்பிக் கொடுத்தார். அதே ஜடேஜாதான் அடுத்த வருஷ ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். பேக்டரிகளிலும் கைதேர்ந்த மெஷின்காரரை ஒரே நாளில் மேற்பார்வைக்கு ஏற்றிவிட்டு, தானாகக் கற்றுக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அது அந்த ஆளுக்கே செய்கிற அநியாயம்.

கேட்ட பெண்ணுக்கு: ஷிப்டில் எல்லோரும் பேச்சுக் கேட்கிற ஒரு பெரியவர் இருப்பார். மெஷின் போடுவதற்கு முன்னால், நாலு பேர் எதிரில் இல்லாமல், அவரை இலைப் பக்கம் கூட்டிப் போங்கள். ஒரு பிடி இலையை அவர் கையிலேயே கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு இன்னும் விறைப்பாக இருந்தால் அவர் கையே சொல்லும். "எவ்வளவு நேரம் விடலாம் அண்ணா?" என்று கேளுங்கள். அவர் சொன்ன நேரம் தப்பினாலும், காலையில் மேனேஜரிடம் "முடிவு என்னுடையது" என்று நீங்களே சொல்லுங்கள்.

கோத்தகிரி_பசுந்தேயிலை:
நன்றி மாஸ்டர், நன்றி கூடலூர் அண்ணா. அப்படி ஒருவர் இருக்கிறார், டிரையர் பக்கம். இன்றைக்கு மழை, இலை கண்டிப்பாக ஈரமாகத்தான் வரும். அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: அவர் சொல்லும் நேரம் எனக்கே சரியில்லை என்று பட்டால், அங்கேயே மறுக்கலாமா, அந்த ஒரு முறை விட்டுவிட வேண்டுமா?

குன்னூர்_பி_டி_மாஸ்டர்:
இலை கெடும் என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள், காரணத்தோடு. அரை மணி முன்னே பின்னே என்றால் அவர் சொன்னபடி விடுங்கள்.