நார்வேல ட்ரோல்துங்கா மலைப்பாறைக்கு நடந்து போய் பாதில திரும்பி வந்தோம், அந்த சிவப்பு கார் இன்னும் மனசுல நிக்குது. உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கா?

கோவை_வானதி:
மூணு வருஷம் ஆச்சு, ராத்திரி தூக்கம் வரலேன்னா இதுதான் ஓடும். செப்டம்பர் கடைசி, பக்கத்துல ஒடாங்கற ஊர்ல தங்கி ட்ரோல்துங்கா கிளம்பினோம், மேல் பார்க்கிங்ல இடம் கிடைக்கல, கீழ ஷெக்கெடால்ல வண்டிய விட்டுட்டு நடக்க ஆரம்பிக்கிறப்பவே மணி பத்து. போக வர 27 கிலோமீட்டர், அந்த முதல் ஏத்தம் முட்டிய என்ன பண்ணும்னு போனவங்களுக்குத் தெரியும். மூணு மணிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் பாக்கி. அப்ப எதிர்ல ஒரு பாட்டி இறங்கி வந்தாங்க, எழுபது வயசு இருக்கும், கம்பளித் தொப்பி, கையில ஊன்றுகோல். நின்னு முதல்ல எங்க ஷூவப் பார்த்தாங்க, அப்புறம் வானத்தப் பார்த்தாங்க, அப்புறம் எங்க வீட்டுக்காரர் கை வாட்சப் பார்த்தாங்க. "ஏழரைக்கெல்லாம் இருட்டிரும், திரும்பிப் போறதுல ஒரு வெக்கமும் இல்ல"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு, பையிலேர்ந்து பேப்பர்ல மடிச்சு வெச்ச ரொட்டிய எடுத்து பாதி பிச்சு என் கையில குடுத்தாங்க. மேல அந்த பழுப்பு சீஸ், பால்கோவா கொஞ்சம் அடிப்பிடிச்ச மாதிரி ஒரு இனிப்பு. அவர் மறுபேச்சு பேசல, திரும்பிட்டார்.

மனச அரிக்கிறது அதுக்கு அப்புறம் நடந்தது. கொஞ்ச தூரம் இறங்கினதும் ரெண்டு பசங்க மேல ஏறி வந்தாங்க, ஒருத்தன் சாதா கேன்வாஸ் ஷூ, முதுகுல பை கூட இல்ல. ஹாய்னு சிரிச்சான், நாங்களும் ஹாய் சொல்லிட்டு வந்துட்டோம். பாட்டி எங்களுக்கு சொன்ன அந்த ஒரு வரிய நாங்க அவங்களுக்கு சொல்லல. கீழ வந்து சேர ஒன்பது மணி, கும்மிருட்டு, மழை, அங்க எங்க கார் பக்கத்துல ஒரே ஒரு சின்ன சிவப்பு கார். உள்ள யாரும் இல்ல. அஞ்சு நிமிஷம் வைப்பர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம், அப்புறம் கிளம்பி வந்துட்டோம். யார்கிட்டயும் சொல்லல.

ஸ்டாக்ஹோம்_செந்தில்:
சிஸ்டர் தப்பா நினைக்காதீங்க, ஆனா அந்த இடத்துல 112க்கு போன் பண்ணிருக்கணும். நார்வேல மலையில யாராவது மாட்டிக்கிட்டா போலீஸ் மூலமாத்தான் மீட்புக்குழு கிளம்பும், அதுக்கு யார்கிட்டயும் காசு வாங்கமாட்டாங்க, பெரும்பாலும் ரெட் கிராஸ் தன்னார்வலர்கள்தான் ராத்திரில டார்ச் கட்டிக்கிட்டு ஏறுவாங்க. நான் ப்ரைக்கெஸ்டூலன் போனப்ப அந்த 604 மீட்டர் பாறை விளிம்புல ஒரு அப்பா தன் பையன காலைத் தொங்கப்போட்டு உக்கார வெச்சு போட்டோ எடுத்தார், நான் எதுவும் சொல்லாம நின்னேன், அது எனக்கும் உறுத்தல்தான். ஆனா இனிமே போறவங்க தயவுசெஞ்சு கேளுங்க. பத்து மணிக்கு கிளம்புறது ட்ரோல்துங்காவுக்கு லேட், அதுவும் செப்டம்பர்ல. கீழ இருந்து நடந்தா பத்திலிருந்து பன்னெண்டு மணி நேரம், மேல் பார்க்கிங்ல இருந்துன்னா 20 கிலோமீட்டர்தான், அந்த இடத்த முன்னாடியே புக் பண்ணுங்க. ஹெட்லேம்ப் கண்டிப்பா, ஒரு செட் கம்பளி உள்ளாடை, காட்டன் டீஷர்ட் போடவே கூடாது, நனைஞ்சா உடம்புச் சூட்ட உறிஞ்சிரும். போன் சார்ஜ் குளிர்ல சீக்கிரம் எறங்கும், பவர்பேங்க உடம்போட ஒட்டி வைங்க. அந்தப் பாட்டி சொன்னது அவங்க சொந்தமா சொன்னதில்ல, நார்வேல மலைக்குப் போறவங்களுக்குன்னு ஒன்பது விதி இருக்கு, அதுல எட்டாவது அது, சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். முதல் விதியே எங்க போறேன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்கறதுதான்.

மீனா_ரவி:
எனக்கு கெய்ராங்கர், அதுவும் நார்வேதான், மலைகளுக்கு நடுவுல கடல் புகுந்து கிடக்கிற இடம். ஹெல்லெசில்ட் போற ஃபெரில ஒரு மணி நேரம், ஏழு அக்கா தங்கச்சி அருவி, எதிர்க்கரையில மாப்பிள்ளை அருவி, எல்லாரும் அந்தப் பக்கமே போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. நான் பார்த்தது மேல செங்குத்துப் பாறையில ஒட்டிக்கிட்டிருந்த ஒரு பழைய பண்ணை வீடு, ஸ்காகெஃப்ளோன்னு ஸ்பீக்கர்ல சொன்னாங்க, தண்ணியிலிருந்து 250 மீட்டர் உயரம். அந்த மாதிரி வீடுகள்ல அம்மாக்கள் வேலைக்குப் போறப்ப குழந்தைங்க விளிம்புல விழுந்துடக்கூடாதுன்னு இடுப்புல கயிறு கட்டி விடுவாங்களாம். என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு, கம்பிய எட்டிப்பிடிச்சு ஏறப் பாத்துட்டு இருந்தா. நான் என் துப்பட்டாவால அவ இடுப்பையும் என் மணிக்கட்டையும் சேத்துக் கட்டிக்கிட்டேன். பக்கத்துல இருந்த ஒரு நார்வேக்கார அம்மா அதப் பார்த்துட்டு மேல அந்த வீட்டக் கை காட்டினாங்க, அப்புறம் என் கையத் தொட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. அந்த ஊருக்குப் பக்கத்துல ஓக்கர்னெசெட்னு ஒரு மலைச்சரிவு விரிசல் விட்டு நிக்குது, வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் நகருது, ராவும் பகலும் கருவி வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. 1934ல தாஃப்யோர்ட்ல அப்படி மலை சரிஞ்சு அலை எழும்பி 40 பேர் போயிட்டாங்க. இது தெரிஞ்சும் அங்க குழந்தை வளர்க்கிறாங்களேன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்.

மதுரை_பாண்டி:
செந்தில் அண்ணே, 112 தெரிஞ்சவங்களுக்கு சரி, டூர் போனவங்களுக்கு இருட்டுல மழையில அந்த நேரத்துல என்ன தோணும்? அவங்க சொன்னது மனசுல உள்ளத, நீங்க உள்ளாடை வரைக்கும் போயிட்டீங்க. வானதி அக்கா, அந்தப் பாதையில ஆபத்துக்கு ஒதுங்க சின்ன குடில் இருக்கு, நானே ஒண்ணுல ஆலங்கட்டி மழைக்கு இருபது நிமிஷம் நின்னிருக்கேன். பசங்க அதுல இருந்திருக்கலாம். மறுநாள் போய்ப் பார்த்தீங்களா?

ஒஸ்லோ_பிள்ளை:
நான் ஒஸ்லோவில பிறந்தனான். அப்பா எண்பதுகளில இலங்கையில இருந்து வந்து முதல்ல போட்ஸ்ஃபியோர்ட்ல மீன் ஃபக்டரியில வேலை செய்தவர், நோர்வேயின்ர வடக்குக் கோடி ஃபின்மார்க்கில அப்ப கனக்க தமிழாக்கள் இருந்தவை. போன வருசம் ஜூன்ல அவரைக் கூட்டிக்கொண்டு பேர்கன்ல இருந்து கிர்க்கெனெஸ் மட்டும் கரையோரக் கப்பல்ல போனனாங்கள். போட்ஸ்ஃபியோர்ட்டுக்கு கப்பல் வரேக்க நடுச்சாமம், ஆனால் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். கொஞ்ச நேரம்தான் நிக்கும். அப்பா இறங்கி, துறைமுகத்தில அடுக்கிக் கிடந்த மீன் பெட்டி ஒண்டைத் தடவிப்போட்டு கையை மூக்கில வச்சவர். பிறகு ஒரு கட்டடத்தின்ர மேல் யன்னலையே பாத்துக்கொண்டு நிண்டவர். குளிர்காலத்தில ரெண்டு மாசம் அளவில சூரியனே வராது, அந்த யன்னலில இருந்து கப்பல் வெளிச்சம் தெரியுமட்டும் நித்திரை கொள்ளமாட்டன் எண்டு எனக்குச் சின்னனில சொல்லியிருக்கிறார். அப்ப எங்களோட வந்த ஒரு ஜெர்மன் மனுசி பக்கத்தில வந்து, இஞ்ச வாறது இதுதான் முதல் தரமோ எண்டு கேட்டா. அப்பா "ஓம், முதல் தரம்" எண்டவர். அப்பிடியே திரும்பி கப்பல்ல ஏறிட்டார். ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு நான் இன்னும் கேக்கேல்லை.

கோவை_வானதி:
பாண்டி தம்பி, போனோம். ராத்திரி ரெண்டு பேரும் தூங்கல, காலைல ஏழு மணிக்கே வண்டிய எடுத்துக்கிட்டு ஷெக்கெடால் போனோம். மழை ஆறு மணிக்குத்தான் விட்டுச்சு. பார்க்கிங் பூரா தண்ணி தேங்கி நிக்குது, சிவப்பு கார் இல்ல. அது நின்ன இடம் மட்டும் ஒரு கட்டமா காஞ்சு கிடந்துச்சு.