இலவச பிங் சேவை: ஸ்பேமைத் தடுக்க யாராவது கை கொடுங்கள்

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் இருந்துகொண்டு வலைப்பதிவுகளுக்கு ஒரு இலவச பிங் சேவை நடத்துகிறேன். புதுப் பதிவு போட்டதும் முகவரியைத் தந்தால், தேடுபொறிகளுக்கும் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகளுக்கும் தகவல் போய்விடும், அவ்வளவுதான்.

இப்போது தலைவலி ஸ்பேம். காசு வேண்டாம், கணக்கு வேண்டாம் என்றதும் கடன் ஆப்காரர்கள், சூதாட்டத் தளக்காரர்கள் எல்லாம் ஒரே முகவரியை நாள் முழுக்க அனுப்புகிறார்கள், நிஜமாக எழுதுகிறவர்களின் பிங் வரிசையில் பின்னால் கிடக்கிறது, சர்வர் வாடகைக்குத் தருகிறவர்களோ எச்சரிக்கை மெயில் அனுப்புகிறார்கள். கேப்சா வைக்கலாம்தான், ஆனால் வேர்ட்பிரஸ் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) வழியாகத் தானாக அனுப்புவதற்கு அது உதவாதே!

ஒரு ஐபி முகவரியிலிருந்து இத்தனை பிங்தான் என்று வரம்பு வைத்தால் போதுமா, இல்லை வலைப்பதிவின் ஊட்டத்தை (ஃபீட், அதாவது புதுப் பதிவுகளின் பட்டியல்) இறக்கி உண்மையிலேயே புதுப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டுமா? இரண்டாவதுதான் சரி என்று படுகிறது, சர்வர் தாங்குமா என்பதுதான் பயம்.

அப்புறம், தளத்தின் பக்கப் பட்டியல் மாறியதைத் தெரிவிக்கும் சைட்மேப் பிங்கைக் கூகுள் 2023-இல் நிறுத்திவிட்டது. மைக்ரோசாப்ட்டும் யாண்டெக்ஸும் 2021-இல் கொண்டுவந்த இண்டெக்ஸ்நவ் (புதுப் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குத் தெரிவிக்கும் முறை) இருக்கிறது, ஆனால் தளம் நம்முடையதுதான் என்று காட்ட அந்தந்தத் தளத்திலேயே ஒரு சாவிக் கோப்பு வைக்க வேண்டும். அப்படிக் கோப்பு ஏற்ற வழியில்லாத பிளாக்ஸ்பாட்டில் எழுதுகிறவர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

பைத்தான், ரெடிஸ் தெரிந்த யாராவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? சம்பளம் கிடையாது, காபி, தோசை என் செலவு. இந்திராநகர், சிவாஜிநகர் பக்கம் என்றால் நானே வந்துவிடுகிறேன்.