"காத்தோட போயிடும் சார்" - உங்கள் கண்முன்னும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்ற ஒருவர் வந்தார். கை வேகமான ஆள், பேச்சும் இதமாக இருந்தது. வெளியே இருக்கும் யூனிட்டில் செம்புக் குழாயை ஸ்பேனரால் தளர்த்தினார், அவ்வளவுதான், ஸ்ஸ்ஸ் என்று சத்தம், வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ, இரண்டு மூன்று நிமிடம் அடங்கவே இல்லை. "என்னண்ணே அது?" என்றேன். "கேஸ்தான் சார், விஷமெல்லாம் இல்ல, காத்தோட போயிடும்" என்றார்.

ராத்திரி சும்மா இருக்க முடியாமல் அந்த யூனிட்டின் ஸ்டிக்கரைப் படித்தேன். ஆர்-410ஏ, 1 கிலோ என்று போட்டிருந்தது. 100 வருடக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. ஆக அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் போனது 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ வரும், நீங்களே வகுத்துப் பாருங்கள், 900 லிட்டர் பக்கம் வருகிறது. நான் வருடக்கணக்காகத் துணிப்பை தூக்கிக்கொண்டு அலைகிறவன்!

அவர் மேல் கோபம் இல்லை. இருப்பதிலேயே குறைந்த கூலி கேட்டவரைத் தேடிப் பிடித்தது நான்தான். தயாரித்தவர், விற்றவர், வாங்கிய நான், கழற்றிய அவர், இதில் யார் கணக்கில் எழுதுவது? எல்லோர் கணக்கிலும் எழுதினால் யாரும் கட்ட மாட்டார்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்தது மட்டும்.

* * *

நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பதினான்கு வருடம். நீங்கள் சொன்னதை நானும் முதல் ஆறு வருடம் செய்திருக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

ஓடுகிற மெஷின் என்றால் கேஸை வெளியே விடவே தேவையில்லை. ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, ஆலன் கீயால் மெல்லிய குழாயின் வால்வை மூட வேண்டும், கம்ப்ரஸர் மிச்ச கேஸை எல்லாம் இழுத்து அவுட்டோர் யூனிட்டுக்குள் அடைத்துக்கொள்ளும், அப்புறம் தடித்த குழாயின் வால்வை மூடிவிட்டு உடனே ஆஃப் செய்ய வேண்டும். பம்ப் டவுன் என்போம். சில நிமிட வேலை. ஆனால் ஒரு தடவை இதைச் செய்துகொண்டிருக்கும்போது வீட்டுக்காரம்மா வந்து, "கழற்ற வந்துட்டு ஏன்ப்பா கரண்டைப் போட்டு ஓட்டிட்டிருக்க?" என்று சத்தம் போட்டார். என்ன சொல்ல?

கம்ப்ரஸர் செத்த மெஷின்தான் உண்மையான தலைவலி. அதற்குக் கேஸை இழுக்கத் தனி மெஷின், தனி சிலிண்டர், எடைத்தராசு எல்லாம் வேண்டும். மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் ஒருத்தன்தான்.

என்னை மாற்றியது ஒரு பயிற்சி வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஓசோன் கதையைச் சொன்னார். 1974-ல் மோலினாவும் ரோலண்டும் பிரிட்ஜில் போடும் சிஎஃப்சி வாயு ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள், 1985-ல் அண்டார்டிகா மேல் ஓட்டையே தெரிந்துவிட்டது, 1987-ல் அந்த மாதிரி வாயுக்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம். இன்றைக்கு 198 தரப்பும் அதில் இருக்கிறது, விட்டுப்போன நாடு கிடையாது. என் மனதில் நின்றது வேறு. எல்லோருக்கும் ஒரே சட்டம், ஆனால் ஒரே தேதி இல்லை. அதிகம் புழங்கிய பணக்கார நாடுகள் முதலில் நிறுத்த வேண்டும், மற்றவர்கள் மாறுவதற்கு 1991-லிருந்து ஒரு நிதியில் பணமும் போட வேண்டும். அந்த வாயுக்களுக்குப் பதிலாக வந்ததுதான் இப்போதைய எச்எஃப்சி, ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அதையும் குறைக்க 2016-ல் கிகாலியில் ஒரு திருத்தம் போட்டார்கள். அதாவது நான் தினம் கையில் பிடிக்கிற ஹோஸைப் பற்றி நாடுகள் உட்கார்ந்து பேசியிருக்கின்றன, எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்தாயே, பிடித்ததை என்ன செய்தாய் என்று கேளுங்கள். பழைய கேஸை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. எட்டு மாதம் சிலிண்டர் என் கட்டில் ஓரத்தில் கிடந்தது.

* * *

மேலே உள்ள இருவரையும் படித்த பிறகு என்னுடையது கொஞ்சம் தொடர்பில்லாத மாதிரி இருக்கலாம். ஒரு சீசன் முழுக்கக் கடலாமைக் கூடுகளில் தன்னார்வலராக இருந்தேன். மணலுக்குள் வெப்பமானியை இறக்கி எழுதி வைப்பதுதான் வேலை, பாதி நாள் தூக்கம் கண்ணைக் கட்டும்.

ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரியில் பாதிக்குப் பாதி, அதற்குக் கீழே ஆண் அதிகம், மேலே பெண் அதிகம். இன்னும் சூடேறினால் முட்டையே வீண். ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் வடக்குக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளைப் பார்த்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது, இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண்.

குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் ஒரு சின்னப் பெண் வந்து "இது பாப்பாவா, பையனா?" என்று கேட்டாள். குஞ்சை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. எங்கள் நோட்டில் அந்தக் கூட்டுக்கு 31, 32 என்று எழுதியிருந்தது. "பாப்பாவாத்தான் இருக்கும்" என்றேன். அடுத்த கூட்டையும் காட்டிக் கேட்டாள், அதற்கும் அதே பதில். மூன்றாவதற்கு அவளே சொல்லிவிட்டாள்.

நாங்கள் கூடுகளுக்கு மேல் நிழல்துணி கட்டினோம். அந்தக் கரையில் ஏசி வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாது.

* * *

முதலில் எழுதியவருக்கு: உங்கள் 1 கிலோவுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கணக்குத் தணிக்கை செய்கிறவன். ஒரு பெரிய கடையின் குளிர்பதன அறைகளுக்கு வருடாவருடம் 40 கிலோ கேஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், பில்லில் 'பராமரிப்பு' என்று இருக்கும். ஏற்றிய 40 கிலோ எங்கே போயிருக்கும்? ஆர்-404ஏ, அது 3,900 மடங்கு. கிட்டத்தட்ட 156 டன். அறிக்கையில் இதை எழுதியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்திலேயே அதற்கு ஆன செலவையும் எழுதினேன், அடுத்த மாதமே கசிவை அடைத்துவிட்டார்கள். பூமிக்காக இல்லை, சத்தியமாக. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

1992-லேயே ஐநாவின் காலநிலை உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது, பொறுப்பு பொதுவானது, ஆனால் ஆளுக்கேற்ப வேறுபட்டது என்று. வக்கீல் பாஷை என்று நினைத்திருந்தேன், அந்த பில்லைப் பார்க்கும்வரை.

* * *

முதலில் எழுதியவன்தான். புது வீட்டில் மாட்ட அதே அண்ணனைத்தான் கூப்பிட்டேன். பம்ப் டவுன் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "தெரியும் சார், யாரும் கேட்டதில்ல" என்றார். தொழிலில் இருக்கும் நண்பரே, அந்தக் கட்டில் ஓரத்துச் சிலிண்டர் கடைசியில் என்ன ஆனது?

* * *

ஒன்பதாம் மாதம் கேஸைச் சுத்திகரிக்கும் ஒரு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள், பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று நானே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலி சிலிண்டரை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை, வாரம் ஒரு போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.