கால்டரின் மொபைலை ஊதினால் என்ன தப்பு?

தூண்டில்காரன்: போன மாதம் வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் மொபைல் ஒன்றைப் பார்த்தேன். (போன் இல்லை, கம்பியில் தகடுகளைக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் சிற்பம்.) பத்து நிமிடம் நின்றும் அது அசையவே இல்லை. லேசாக ஊதினேன். காவலர் ஓடி வந்து விரலை ஆட்டினார். அசைவதற்கென்றே செய்ததைக் கட்டிப் போட்டால் அது வெறும் தகடுதானே?

மேல்மாடி: ஊதுபவர் நாளைக்குத் தட்டுவார். கால்டர் கடைசிச் சின்னத் தகட்டில் தொடங்கி, ஒவ்வொரு கம்பிக்கும் சமநிலைப் புள்ளி தேடி, கீழிருந்து மேலே கட்டியவர். 1919இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த ஆள். கீழே ஒரு தகடு கழன்று விழுந்தால் மேலே இருப்பது அத்தனையும் சாயும்.

தூண்டில்காரன்: அதே ஆள்தான் 1932-33இல், கனத்த சிவப்பு இரும்புக் குண்டு ஒரு பக்கமும் சின்ன மரக்குண்டு மறுபக்கமுமாகத் தொங்கவிட்டார். தரையில் பாட்டில்கள், ஒரு டப்பா, ஒரு பெட்டி, ஒரு சேகண்டி. இரும்புக் குண்டைத் தள்ளிவிட்டால் மரக்குண்டு எங்கெங்கோ சுற்றி எதிலாவது மோதும், இல்லை மோதாமலே போகும். கை வைக்காவிட்டால் அந்தச் சிற்பத்தில் என்ன மிச்சம்?

பட்டறை முருகு: கை வைத்த கதை ஒன்று சொல்கிறேன் தம்பி. 1958இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விமான நிலையத்துக்கென்று கொடுத்த கால்டர் மொபைல், கறுப்பு வெள்ளை. அங்கிருந்தவர்கள் பச்சையும் தங்க நிறமும் அடித்து மோட்டாரும் மாட்டினார்கள். கால்டர் கத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. பழைய நிறம் திரும்பியது அவர் 1976இல் இறந்த பிறகுதான்.

தூண்டில்காரன்: பெயின்ட் டப்பாவோடு வந்தவர்களும் மூச்சு விட்ட நானும் ஒன்றா அண்ணே?

பட்டறை முருகு: சரி, அது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் மோட்டாரைத் திட்ட முடியாது. 1931இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 'மொபைல்' என்று பெயர் வைத்ததே கால்டரின் மோட்டார் சிற்பங்களைப் பார்த்துத்தான். ஆட்டம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர, அப்புறம் அவரே காற்றிடம் விட்டுவிட்டார்.

மேல்மாடி: 2017இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் குறித்த நேரங்களில் ஆள் வந்து சிற்பங்களை இயக்கிக் காட்டினார்கள். தீபாராதனை மாதிரி. அது போதாதா?

தூண்டில்காரன்: நேரம் பார்த்து வீசுகிற காற்றா? நல்ல கூத்து.

மேல்மாடி: அப்படியென்றால் ஊத வேண்டாம், பக்கத்தில் விறுவிறுவென்று நடங்கள். நடக்க யாரும் தடை போடவில்லையே.

தூண்டில்காரன்: அதையும் செய்தேன். மூன்று நடை. மூன்றாவதில் கடைசித் தகடு மட்டும் மெதுவாகக் கால் வட்டம் திரும்பியது. காவலரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.